தெற்குவாடியில் காத்திருப்பவர்கள்

ராமநாதபுரத்தில் பிடித்த பஸ் மண்டபம் கடந்து சாலைப் பாலத்தில் ஏறியதும், அதுவரை தூங்கி வழிந்தவர்கள்கூட ரயில் பாலம் இருக்கும் பக்கம் திரும்பிவிட்டார்கள். அப்போது அங்கே இரண்டு பாலங்கள் இருந்தன. 1914-இல் திறந்த பழையது 2022 டிசம்பரோடு ஓய்ந்துவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதியது அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் எழும்பும். ஆட்கள் நின்று கையால் சுற்ற வேண்டியிருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே படுக்கைவசமாக 17 மீட்டர் உயரத்துக்குப் போய் நின்று கப்பலுக்கு வழி விடும், எல்லாம் மோட்டார். எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவருக்குப் பழையதுதான் அழகு. அவர் மனைவிக்குப் புதியது. பாம்பன் வந்து இறங்கும்வரை அந்த வழக்கு முடியவில்லை.

அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியை எனக்குப் பழைய பழக்கம். அவர் கூப்பிட்டுத்தான் போனேன். மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளுக்கும் லீவு. அப்பாக்கள் கரையில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க, பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திரட்டி, ஊருக்கு உதவுகிற மாதிரி ஒரு டிஜிட்டல் புராஜெக்ட் செய்ய வைக்கலாம் என்பது ஆசிரியையின் திட்டம்.

“கோடிங் நான் பார்த்துக்கிறேன் அண்ணே. எம்ஐடியோட ஆப் இன்வென்டர் இருக்கு, கட்டம் கட்டமா இழுத்துப் போட்டா செயலி வந்துரும். என்ன செய்யறதுன்னு கேட்டாத்தான் எல்லாம் என் முகத்தையே பார்க்குதுங்க. குழுவா உட்கார்ந்து யோசிக்க மட்டும் பழக்கி விட்டுட்டுப் போங்க” என்றார்.

டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் காற்றின் வேகம், அலையின் உயரம். கடல் ஓசை 90.4. 2016 முதல் பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி. பாட்டுக்குக் காது கொடுக்காத டீ மாஸ்டர் காற்றுச் செய்திக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டினார்.

வகுப்பு நடந்தது மீனவர் சங்கக் கட்டடத்தில். ஓரத்தில் மடித்துக் கிடந்த வலைக்குவியலின் வாடை, தலைக்கு மேலே இரண்டு மின்விசிறி, தரையில் பாய். ஆசிரியை பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கப் போனார். பைக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொன்னேன். திரை ஒன்று கண்ணில் பட்டால் பதினைந்து வயது மனம் அந்தத் திரைக்குள் ஏற்கெனவே பார்த்ததைத் தாண்டி எங்கும் நகராது. பெரியவர்களின் மனமும் அப்படித்தான். நாம் அதை மறைக்கக் கற்றிருக்கிறோம்.

ஆறு ஆறு பேராக உட்கார வைத்து, “என்ன செய்யலாம்? பேசுங்க” என்று விட்டேன். முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று தெரியும். துப்பாக்கி விளையாட்டு, ஆனால் கடலுக்குள். ராமேஸ்வரத்துக்கு ஒரு ஸ்விக்கி. யாத்திரை வருபவர்களுக்கு வழிகாட்டும் செயலி. பாம்பனுக்கு ஒரு இன்ஸ்டாகிராம். போனில் ஏற்கெனவே இருப்பதற்கு ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டே போனார்கள். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதிக்கொண்டேன். இரவல் யோசனைகள் முதலில் வெளியே வந்து தீர்ந்தாக வேண்டும். தீராமல் உள்ளே கிடந்தால் கடைசி நாள்வரை ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

அதைவிட முக்கியமாகக் கவனித்தது வேறு. ஒவ்வொரு குழுவிலும் ஒருவன் பேசினான், மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜன்னலோரக் குழுவில் உயரமான பையன் ஒருவன், நல்ல சுறுசுறுப்பு, நல்ல குரல். அவன் சொல்வதையெல்லாம் பக்கத்தில் ஒரு பெண் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். அவளாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், “அவன் நல்லா சொல்றான் சார்” என்றாள்.

கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் இந்த முறைக்குச் சட்டம் வகுத்தவர் அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன். பிபிடிஓ என்ற விளம்பர நிறுவனத்தின் பெயரிலுள்ள ‘ஓ’ அவர்தான். 1953-இல் ‘அப்ளைட் இமாஜினேஷன்’ என்று புத்தகமே போட்டார். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, கிறுக்குத்தனமானதும் வரட்டும், எண்ணிக்கை பெருகட்டும், ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் கட்டட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தே ஆண்டில், 1958-இல், யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் சோதித்துப் பார்த்தார்கள். நால்வர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததைவிட, நால்வர் தனித்தனியாக யோசித்ததைக் கூட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் தேறின. ஏன் என்று 1987-இல் டீலும் ஸ்ட்ரோபேயும் குடைந்து பார்த்தார்கள். வெட்கம், சோம்பல் எல்லாம் இருந்தாலும் பெரிய காரணம் எளிமையானது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்; காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை மறந்துபோகும், அல்லது சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றிவிடும்.

இவ்வளவு தெரிந்தும், பயிற்சி முகாம் என்றால் வட்டமாக உட்கார்ந்து சத்தம் போடுவதுதான் என்று நம் ஆட்கள் நினைப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் அதிகாரிக்குத் தோன்றும், அதுவாகத்தான் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுக்குத் தடை போட்டேன். பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968-இல் சொன்ன முறை. ஆறு பேர், ஆளுக்கொரு தாள். ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, தாளைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு, அதன்மேல் கட்டியோ புதிதாகவோ இன்னொரு மூன்று. ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், 108 யோசனைகள். நடைமுறையில் அத்தனை வராது. மூன்றாவது சுற்றுக்கு மேல் பிள்ளைகள் சுருக்கமாக ‘ஓகே’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். இங்கேயும் எழுதினார்கள். ஆனாலும் சுற்று முடிந்து தாள்களைப் பிரித்தபோது, காலையில் வராத ஒரு குரல் வந்திருந்தது. நோட்டு எழுதிய பெண்ணின் தாளில் மூன்றாவதாக, மற்ற இரண்டையும் விடச் சின்ன எழுத்தில் இருந்தது: ‘அம்மாச்சி ராத்திரி ரெண்டு மணிக்கே எழும்பி மீன் எடுக்கக் கரைக்குப் போகுது. வள்ளம் எப்ப வரும்னு தெரியாது. நாலு மணிக்கும் வரும், ஏழு மணிக்கும் வரும்.’

அது யோசனையே இல்லை. செயலி, வலைத்தளம், கேம் என்று எதுவும் அதில் கிடையாது. ஒரு கிழவி கரையில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். அதற்குக் கீழே அடுத்தவன் ‘போன் பண்ணிக் கேக்கலாம்’ என்று எழுதியிருந்தான். அதற்கும் கீழே: ‘கடல்ல டவர் கெடைக்காது.’ அதற்கும் கீழே: ‘கரைக்குக் கிட்ட வந்தா கெடைக்கும். எங்கப்பா அங்க இருந்து அம்மாக்குப் பண்ணுவாரு.’ கடைசியாக உயரமான பையனின் கையெழுத்து: ‘அப்ப ஒருத்தருக்குப் பண்றத எல்லாருக்கும் பண்ணலாம்ல?’

அன்றைக்கு வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று கொடுத்தேன். விடியற்காலை கரைக்குப் போக வேண்டும். போன் எடுத்துப்போகக் கூடாது. யோசனை எதுவும் எழுதக் கூடாது. யார், எங்கே, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதி வர வேண்டும்.

தெற்குவாடிக்கு நானும் போனேன். மன்னார் வளைகுடாவைப் பார்த்த இறங்குதளம். விசைப்படகுகள்தான் தடையில், நாட்டுப்படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. இருட்டில் முதலில் தெரிந்தது பெண்கள். அலுமினியப் பேசினைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சேலைத் தலைப்பைப் போர்த்திப் படுத்தே விட்டார்கள். தங்கச்சிமடத்துக்கும் அக்காமடத்துக்கும் மீன் சுமப்பவர்கள். கொஞ்சம் தள்ளி ஷேர் ஆட்டோக்காரர்கள், ஐஸ் வண்டி, நண்டு எடுக்கும் கம்பெனியின் ஆள். வள்ளம் வந்ததும் ஐந்தே நிமிடத்தில் கரை தலைகீழாகிவிட்டது. கூடை கொட்டியதும் ஏலம் கூறுபவர் விலையை ஏற்ற, இவ்வளவு நேரம் படுத்திருந்தவர்தான் முதல் ஆளாக நின்றார்.

பிள்ளைகளின் பட்டியல்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தன. ஐஸ்காரர் வள்ளத்துக்காக, வள்ளக்காரர் ஐஸுக்காக. கருவாடு காயப்போட்ட அக்கா வானத்தைப் பார்த்து. ராமேஸ்வரத்தில் கடலுக்குப் போவதற்கான மீன்துறை டோக்கனுக்காகத் தடை முடியும் நாளை எண்ணும் அண்ணன்கள். புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக முடியாது, இறக்கும்வரை அப்பாவுக்கு வேலை இல்லை, அம்மாவுக்கு நிம்மதி என்று ஒருத்தி எழுதியிருந்தாள். தொலைக்காட்சியில் ‘பாம்பனில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று வாசிக்கும்போது மற்ற ஊர்க்காரர்கள் அந்த வீட்டின் இந்தக் கணக்கை அறிந்திருக்க முடியாது.

சின்னப்பாலம் போன குழுவுக்கு நல்ல பாடம் கிடைத்தது. அங்கே பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று வகைக்கொரு பெயர். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். கடல் வளம் கெடாமல் எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். எந்த நாளில் நீர் வற்றும், எப்போது இறங்கலாம் என்று நினைவூட்டும் செயலி செய்து தருகிறோம் என்று பிள்ளைகள் ஆசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பாசி பிரித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பைப் பையன் நடித்தே காட்டினான். “அமாவாசை பௌர்ணமிய எனக்கு போன் சொல்லணுமாப்பா? போனுக்கு வேணும்னா நான் சொல்றேன்.”

அந்த யோசனையை அங்கேயே அடித்துவிட்டார்கள். யாரும் வருத்தப்படவில்லை. நாங்கள் வகுப்பில் அடித்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள்.

பேச்சை மறுபடி திறந்துவிட்டதும் இரண்டு பெரிய யோசனைகள் மேலே வந்தன. இரண்டும் வலுவானவை. இரண்டும் விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, கடல் எல்லை. பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லையை 1974 ஒப்பந்தம் வரைந்தது; மன்னார் வளைகுடாவில் 1976-இல். படகு அதை நெருங்கினால் போன் அலற வேண்டும் என்றது ஒரு குழு. அந்தக் குழுவில் இரண்டு பேரின் உறவினர்கள் இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர்கள். எனவே யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆசிரியை பொறுமையாகச் சொன்னார்: எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காமோடு சேர்ந்து மீனவர்களுக்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது. அலை, காற்று, மீன் கூடும் இடம் எல்லாவற்றோடும் எல்லை எச்சரிக்கையும் அதில் உண்டு. குழு சுருங்கிப் போனது. ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியம் இளவட்ட யோசனைகளைக் கொல்வதுபோல வேறெதுவும் கொல்வதில்லை. இருக்கட்டும், அதை யார் பயன்படுத்துகிறார்கள், யார் பயன்படுத்தவில்லை, ஏன் என்று கேட்டு வாருங்கள் என்று அனுப்பினோம்.

வெளியே வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போனார்கள். நானும் பின்னால் நின்றேன். அவர் ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

“படகுல ஜிபிஎஸ் இருக்குப்பா. கோடு எங்க இருக்குன்னு தெரியாமயா போறோம்? மீன் அங்கிட்டுத்தான இருக்கு.”

பிள்ளைகள் திரும்பி வந்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒருவன், “சார், இது ஆப்பால தீர்ற விஷயம் இல்ல” என்றான். தகவல் இல்லாததால் நடப்பது எது, தகவல் இருந்தும் நடப்பது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பெரிய பெரிய அலுவலகங்களிலேயே குறைவு. அவனைத் தட்டிக்கொடுத்துக் கூச்சப்பட வைத்தேன்.

இரண்டாவது, மீன் விலை. பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம் மூன்று இடத்து ஏல விலையும் போனில் தெரிந்தால் அதிகம் கிடைக்கும் இடத்தில் விற்கலாம். இதற்கு உலகமறிந்த சாட்சியே உண்டு. வட கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் செல்போன் கோபுரங்கள் வந்தபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007-இல் எழுதினார். ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் வீணாகக் கடலில் கொட்டுவதும், பக்கத்துக் கரையில் மீனில்லாமல் விலை ஏறுவதும் நின்றன. மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. கடலில் இருந்தபடியே நாலு கரைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் குழு துள்ளியது. சார்ட்டில் மூன்று ஊர்ப் பெயரையும் எழுதி அம்புக்குறி போடத் தொடங்கிவிட்டார்கள்.

நோட்டு எழுதும் பெண் அப்போதுதான் முதல்முறையாக எல்லோர் முன்னாலும் வாய் திறந்தாள்.

“விலை தெரிஞ்சு என்ன செய்ய? எஞ்சின் வாங்க எங்க மாமா யாவாரிட்ட அட்வான்ஸ் வாங்கிருக்காரு. அவர்ட்டதான போடணும்.”

“வேற ஆளுக்குப் போட்டா?”

“மறுநாள் காசத் திருப்பிக் கேப்பாரு.”

ஜென்சனின் கேரளம் பொய் இல்லை. கடனுக்குக் கட்டுப்பட்டவருக்கு விலைப்பட்டியல் எதற்கு என்ற கேள்வியும் பொய் இல்லை. அட்வான்ஸ் வாங்காத வள்ளங்கள் எத்தனை என்று பிள்ளைகளே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். நினைத்ததைவிடக் குறைவு. யோசனை அங்கே நின்றது. சார்ட்டை மட்டும் கிழிக்க வேண்டாம் என்றேன்.

ஒரு மாலை ஆசிரியையும் பிள்ளைகள் சிலரும் நானுமாகத் தனுஷ்கோடி போனோம். 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை போட்ட பிறகு அது வேன்களின் ஊராகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவர் செல்ஃபிக்குப் பின்னணி. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் புயலில் சிக்கி இங்கே வந்து சேரவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். சிக்னல் கிடைக்காமல் ஓட்டுநர் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஊதலை ஊதிக்கொண்டு நகர்ந்தார் என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இது தாத்தாக்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. எனக்குத்தான் அந்த மணலில் நிற்கச் சங்கடமாக இருந்தது. அவர்கள் கடலை வாங்கித் தின்றுகொண்டே, கருவாடு காயப்போடுபவர்களுக்கு மழை வருமுன் சொல்லும் ஒரு குழுவின் யோசனை உருப்படுமா உருப்படாதா என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் கைகாட்டிப் பேசியவர்களில் பாதிப் பேர் முதல் நாள் தலையாட்டியவர்கள்.

திரும்பி வரும்போது அவர்களுக்குத் தாராவிக் கதை சொன்னேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மும்பைப் பகுதி. அங்கே பதின்வயதுப் பெண் பிள்ளைகள் இதே ஆப் இன்வென்டரை வைத்து, பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க முறை வைக்கும் ‘பானி’ என்ற செயலியைச் செய்தார்கள். குடத்தோடு நின்று அலுத்தவர்களே செய்தது. “அவங்களுக்கும் காத்திருக்கிறதுல இருந்துதான் வந்துச்சா?” என்றான் உயரமான பையன். அதோடு, “அந்த ஆப் இப்ப ஓடுதா சார்?” என்றும் கேட்டான். இப்படிக் கேட்பவனை நம்பி ஒரு புராஜெக்டை ஒப்படைக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் நாளில் கைதூக்கச் சொல்லவில்லை. கைதூக்கச் சொன்னால் தோழன் தூக்கும் பக்கம்தான் தூக்குவார்கள். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு தேநீர்க் கப்பைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு மூன்று சோழி கொடுத்து, ஒருவர் ஒருவராக அறைக்குள் போய்க் கப்புக்கு அடியில் போட்டு வரச் சொன்னோம். அதிகம் விழுந்தது வள்ளம் வரும் நேரத்துக்கு. அடுத்தது கருவாட்டு மழைக்கு. கடலுக்குள் துப்பாக்கி விளையாட்டுக்கும் நாலு சோழி விழுந்திருந்தது. விளையாட்டும் ஒரு நியாயமான ஆசைதானே.

அதன் பிறகும் லேப்டாப்பை எடுக்கவிடவில்லை. அட்டையைப் போன் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்தார்கள். ஒரு பொடியன் போனாக நடித்தான். தாளில் வரைந்த பொத்தானைத் தொட்டால் அவன் அடுத்த தாளை மாற்றி வைப்பான். தப்பான இடத்தைத் தொட்டால் சும்மா இருப்பான். இதைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மாச்சியிடம் போனோம்.

அம்மாச்சி திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு இருந்தார். வள்ளங்களின் பெயர்ப் பட்டியல், பச்சைப் புள்ளி என்றால் வந்துகொண்டிருக்கிறது, சிவப்புப் புள்ளி என்றால் தகவல் இல்லை என்று பேத்தி விளக்கினாள். அம்மாச்சி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

போனாக இருந்த பொடியன் தாள்களைக் கீழே வைத்துவிட்டான். பேத்தி என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

“பேசுனா கேப்பேன். மணி அடிச்சா எடுப்பேன்” என்றார் அம்மாச்சியே.

திண்ணையிலேயே எல்லாம் மாறியது. பட்டியல் வேண்டாம், புள்ளி வேண்டாம். டவர் கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் வள்ளத்திலிருந்து ஒரே ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால். அந்த எண்ணிலிருந்து, பதிந்து வைத்த பெண்களுக்கெல்லாம் குரல் அழைப்பு: இன்ன வள்ளம் வருகிறது. போன் இல்லாதவர்களுக்கு? கோயில் மைக்கில் சொல்லலாம் என்றான் ஒருவன். ராத்திரி மூணு மணிக்கு மைக் போட்டால் ஊரே உதைக்கும் என்றாள் இன்னொருத்தி. நாலு வீட்டுக்கு ஒரு போன் இருக்கிறது, எடுத்தவர் பக்கத்து வீட்டைத் தட்டட்டும் என்று முடிவானது. யாவாரி என்ன சொல்வார்? ஏலத்துக்குக் கூட்டம் கூடுவது வள்ளக்காரருக்கு லாபம், அட்வான்ஸ் கொடுத்தவருக்குப் பிடிக்காது. அதனால் அட்வான்ஸ் இல்லாத வள்ளங்களில் தொடங்குவது என்று தீர்மானித்தார்கள். கிழிக்காமல் வைத்திருந்த சார்ட்டில் அந்தக் கணக்கு இருந்தது.

அம்மாச்சி ஒரு நிபந்தனை போட்டார். “பிந்திச் சொன்னாலும் பரவாயில்ல. வராத வள்ளத்த வருதுன்னு சொல்லிப்புடாதீங்க. ஒரு தரம் ஏமாந்தா அப்புறம் உங்க போன எடுக்கமாட்டேன்.”

பேத்தி அதை அப்படியே அவர் சொன்ன பேச்சில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஆண்டுக்கணக்கில் மென்பொருள் செய்தவர்கள் இதே விஷயத்தை எத்தனையோ கூட்டம் போட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

நான் கிளம்பும்போது உயரமான பையனுக்கும் அவளுக்கும் தகராறு. கோடிங்கைத் தொடங்கிவிடலாம் என்றான் அவன். எந்த வள்ளம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கொஞ்ச நாள் கையால் எழுதிப் பார்க்காமல் தொடங்கக் கூடாது என்றாள் அவள். ஆசிரியை அவள் பக்கம். கரைக்குப் போக முறை வைத்து ஆட்களைப் பிரித்தார்கள். முதல் முறை அவனுக்கே விழுந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு அந்த நோட்டின் பக்கங்களை ஆசிரியை படம் எடுத்து அனுப்பியிருந்தார். தேதி, வள்ளத்தின் பெயர், கரை சேர்ந்த நேரம், காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று கோடு போட்ட கட்டங்கள். பெரும்பாலும் நிரம்பியிருந்தன. ஒரு வரியில் மட்டும் நேரம் இல்லை. உயரமான பையனின் கையெழுத்தில் ‘தூங்கிட்டேன்’ என்றிருந்தது. அதற்குக் கீழே அழகான கையெழுத்தில், ‘4.40. நான் போய் எழுதிட்டேன்.’